காலி மனையெல்லாம் வெள்ளைப் பூ

ஐப்பசி 4

மழை இன்று விட்டிருக்கிறது. துணியெல்லாம் மாடியில் காய்கிறது. பல்லடம் போய்விட்டு வந்த பாக்கியம் காய்கறிப் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். "அக்கா, நீ பேசறதக் கேக்க இங்க ஆளில்ல. எனக்குக் காது வலிக்குது. இதுல எழுதி வெச்சுக்கோ" என்கிறாள். தங்கைக்கு வாய் நீளம். ஆனால் யோசனை நல்ல யோசனைதான்.

ஆளில்லை என்பதும் உண்மைதான். இந்த வளர்பிறை கார்டனில் எல்லா மனையும் விற்றாகிவிட்டது. வீடு கட்டியது நான் மட்டும். மற்றவர்கள் மஞ்சள் பூசிய எல்லைக் கல்லை நட்டுவிட்டு, முட்டையிட்ட ஆமை மாதிரி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். சென்னை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். கடைசிக் காலத்தில் சத்தமில்லாத இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது. போன வருஷம் பாக்கியத்தின் கணவர் தவறியதும், சேலத்தில் மகன் சபரி வீட்டில் ஏன் ஒண்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவளை இங்கே கூட்டிவந்துவிட்டேன். அவளுக்கு நான் துணை. ஊரில் இதைத் திருப்பிச் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆவணியில் தோட்டத்துக்கென்று ஒரு டிப்பர் செம்மண் இறக்கினேன். நட்ட மல்லிகை பிழைக்கவில்லை. மண் குவியலில் மட்டும் ஏதோ தானாக முளைத்திருக்கிறது. கேரட் இலை மாதிரி வெட்டு வெட்டான இலை, தட்டுப் போலத் தரையோடு அப்பிக்கொண்டு கிடக்கிறது. பார்க்க லட்சணமாக இருப்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

ஐப்பசி 19

தட்டு எழுந்து நின்றுவிட்டது. இடுப்புயரம். உச்சியெல்லாம் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூளைப்பூ! பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்ட இந்தப் பக்கத்தில் எல்லோரும் தேடி அலைவது, என் வீட்டு மண்ணில் தானாக வந்து நிற்கிறது. பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைத்த சரித்திரமே இல்லை. காப்புக் கட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது பூளையா அக்கா?"

"பின்ன என்ன, ரோஜாவா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காடு தோட்டம் என்று விவசாயத்திலேயே வாழ்க்கைப்பட்டுக் கிடந்தவள், அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் வருத்தம் போலிருக்கிறது. நெருக்கமாக முளைத்திருந்ததைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் எறிந்தேன். பூவோடு கிடக்கட்டும், அவர்கள் மனையும் கொஞ்சம் பசுமையாகட்டும்.

கார்த்திகை 3

மறுபடி மழை. பாக்கியம் நாள் முழுக்கத் தும்மல்.

கார்த்திகை 11

பால் கசக்கிறது. சர்க்கரையைக் கொட்டினாலும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்கிறது. காலையில் பால்காரி ராமாத்தாள் வந்ததும் கேட்டேன்.

"மாடு எதையோ மேஞ்சுருச்சாட்ட இருக்குதுங்க. எங்கயும் புல்லக் காணோம். உங்க காலி எடத்துப் பக்கந்தான் ஓட்டறனுங்க."

"கசக்கறது பாலா, நீ ஊத்தற தண்ணியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "தண்ணி ஊத்திப் பொழைக்கோணும்னு எனக்குத் தலையெழுத்து இல்லீங்கம்மா. நீங்க வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று கேனைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டேன். இனி பாக்கெட் பால்தான். இந்தப் பக்கம் வரப்போக இருந்த ஒரே ஆள் அவள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கார்த்திகை 20

உச்சி வெயிலில் வடகம் காயவைக்க மாடிக்குப் போனேன். எங்கள் மதிலிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே வெள்ளை. எல்லைக் கற்கள் ஒன்றும் தெரியவில்லை. யார் மனை எது என்று இனி வாங்கியவர்களே வந்தாலும் சொல்ல முடியாது.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வடகத்துக்கு ஒரு காக்கை வரவில்லை. அவ்வளவு பூவுக்கு ஒரு தேனீயைக் கண்ணில் காணோம். பூச்சிச் சத்தம்கூட இல்லை. லைன் செத்துப்போனால் ஹெட்போனில் ஒரு வெறுமை கேட்கும், அப்படி இருந்தது. காற்று இல்லை, கொடியில் போட்ட புடவை அசையவில்லை. பூக்கள் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, கீழே பாக்கியம் உட்காரும் ஜன்னலைப் பார்த்து ஆடுவதாக எனக்குப் பட்டது. வெயில் தலைக்கேறிவிட்டது என்று இறங்கிவந்து மோர் குடித்தேன்.

பாக்கியம் ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "இத்தனை நல்ல காத்த எதுக்கு அடைச்சு வெக்கறே?" என்று நான்தான் திறந்துவிட்டேன்.

மார்கழி 6

பாக்கியத்துக்கு இமை இரண்டும் வீங்கியிருக்கின்றன. கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் தடிப்புத் தடிப்பாக, சொறிந்து சொறிந்து நீர் வடிகிறது. விடியும்போது மூச்சு விசிலடிக்கிறது. சோப்பை மாற்றினேன். கத்தரிக்காயும் கருவாடும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டேன். வேப்பிலை அரைத்துப் பூசினேன். எதற்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் மெதுவாக, "சபரி ஊட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வரட்டா அக்கா?" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காவிட்டால் அவளுக்கு வயிற்றுவலி வரும். "பொங்கல் கழியட்டும்" என்றேன். சரி என்றாள். அவள் எப்போதும் சரி என்றுதான் சொல்வாள்.

சபரி போன் செய்தான். அம்மா தூங்குகிறாள் என்றேன். அவள் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். தொண்டை கட்டிய குரலைக் கேட்டால் பிள்ளை பயந்துவிடும், அதற்காகத்தான். லைனை மரியாதையாகத் துண்டிப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்கழி 17

குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக ஒரு பச்சைத் தட்டு எட்டிப் பார்த்தது. பிடுங்கிப் போட்டேன்.

மார்கழி 21

அதே இடத்தில் மறுபடி.

மார்கழி கடைசி நாள்

இன்று காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசல் நிலையிலும் கூரை முனையிலும் செருகிவிட்டால் வருஷம் முழுக்கக் கெட்டது எதுவும் வீட்டை அண்டாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பாக்கியம் கிடக்கிற கிடையைப் பார்த்தால் எதையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை.

பூப்பறிக்க மதிலைத் தாண்டி இறங்கினேன். செடிகள் மார்பு உயரம் வளர்ந்திருக்கின்றன. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன்; திரும்பினால் வந்த வழி இல்லை. நான் விலக்கிய செடிகளெல்லாம் என் பின்னாலேயே சேர்ந்துகொண்டிருந்தன. மெயின் ரோட்டு லாரிச் சத்தம் அடைத்துப்போய்விட்டது. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் புல் இல்லை, தும்பை இல்லை, ஒரு நெருஞ்சிகூட இல்லை. மண்ணைப் பார்த்தால் இவையேதான், பெரியதும் சிறியதுமாக. அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

பாக்கியம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இத்தன எதுக்கு அக்கா?"

"உனக்காகத்தான் அம்மிணி. உம்மேல எவ கண்ணோ பட்டிருக்குது. ஒரு மூலை விடாம கட்டறேன் பாரு."

என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "ஸ்டூலப் புடிச்சுக்கறேன், நீ ஏறு" என்றாள்.

வாசல், பின்வாசல், ஜன்னல்கள், சமையல்கட்டு, எல்லா இடத்திலும் கட்டினேன். செருகும்போது தூள் கொட்டிற்று. நேரே அவள் முகத்தில்தான் விழுந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், ஸ்டூலை மட்டும் விடவில்லை. கடைசிக் கொத்தை அவள் கட்டிலின் தலைமாட்டில் கட்டினேன். வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு மனசு நிறைந்திருக்கிறது.

தை 1

பொங்கல் வைத்தோம். பால் பொங்கியபோது பாக்கியத்தால் சத்தம் எழுப்ப முடியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சொன்னேன்.

தை 4

கடைக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்தால் ஹாலில் யாரோ ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். கறுத்துத் தடித்த முகம், கண் இருக்கும் இடத்தில் கோடு. "யாருங்க?" என்று கேட்டுவிட்டேன். உதடு அசைந்தது. பாக்கியம் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ரவிக்கைக்குள் இருக்கும் தோல் மட்டும் பழைய நிறத்தில் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் படுகிற இடமெல்லாம் வேறு யாருடையதோ போலிருக்கிறது. ஹால் கண்ணாடியில் அழுக்கு நிறைய. துடைப்பதற்காகக் கழற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.

தை 7

சாயங்காலம் சபரி போன் செய்தான். வழக்கம்போல அம்மா தூங்குகிறாள் என்றேன்.

"பெரியம்மா, பின்னாடி என்ன சத்தம்?"

"மிக்ஸி ஓடுது கண்ணு."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மிக்ஸி என்று சொன்னால் நிறுத்த வேண்டுமே. எப்படி நிறுத்துவது? என் பக்கத்தில் பாக்கியம் இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, தோள்பட்டை ஏறி இறங்க, காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பி வர்றேன்" என்றான் சபரி.

தை 8

சேலத்தில் ஆஸ்பத்திரி. ராத்திரியே வந்து சபரி எங்களைக் காரில் ஏற்றிவந்துவிட்டான். காலையில் போன உடனேயே பாக்கியத்துக்கு ஆக்ஸிஜன் குழாய் மாட்டிவிட்டார்கள். பிறகு தோல் டாக்டர் வந்தார், சின்னப் பெண். பாக்கியத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். கிட்டே வந்து என் கொண்டையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பொடி வெள்ளைப் பூ.

"இது எங்கிருந்து வந்ததும்மா?"

"காப்புக் கட்டினோம். பூளைப்பூ."

"பூளை இல்ல இது. பார்த்தீனியம். வீட்டுப் பக்கத்துல நிறைய இருக்கா?"

நான் கொண்டையைத் தடவிப் பார்த்தேன். சபரி சொன்னான். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதோட மகரந்தம், காஞ்ச தூள், எல்லாமே இவங்களுக்கு ஆகாது. இது நம்ம ஊர்ச் செடியே இல்ல, மெக்சிகோ பக்கத்துது. கோதுமையோட கப்பல்ல வந்துச்சும்பாங்க. இப்ப லாரி மண்ணுல, வண்டிச் சக்கரத்துல, மனுசங்க துணியில ஏறி ஊர் ஊரா போகுது. இவங்க திரும்ப அந்த வீட்டுக்குப் போனா என்னால உயிருக்குப் பொறுப்பு ஏத்துக்க முடியாது."

எனக்கு ஏனோ டிப்பர் லாரி ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் செய்யலையா?"

"இல்ல."

"சில பேருக்குச் செய்யாது. ஆனா நீங்க சுமந்துட்டு வருவீங்க. துணியில, அதைவிட முடியில."

தை 10

பாக்கியத்துக்கு இப்போது பேச்சு வருகிறது. இரண்டு நாளாகக் கேட்கலாமா வேண்டாமா என்று இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அது பூளை இல்லேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க காட்டுல அதப் புடுங்கிப் புடுங்கித்தான் எம் மாமியாளுக்குக் கையெல்லாம் வெந்து போச்சு."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"மொதல்லயே கேட்டனே. ரோஜாவான்னு சொல்லிட்டே." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு அத்தனையத் தூக்கிட்டு ஓடி வந்தே பாரு, உன்னால முடியாம. எனக்காகன்னு சொன்னே. உம்மூஞ்சி அப்புடி இருந்து நான் பாத்ததே இல்லக்கா."

சாத்துக்குடி பிழிந்து கொடுத்தேன்.

தை 14

பாக்கியம் சபரி வீட்டோடு இருந்துவிட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன். வீட்டை யார் பார்ப்பது?

மாசி 2

இன்று முழுக்கப் பிடுங்கினேன். இரண்டு நாளாகக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுகிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாக்கியத்தைக் கூட்டிவந்துவிடுவேன். என் ஒருத்திக்கு எதற்கு இரண்டு படுக்கையறை?

சபரியிடம் சொன்னேன். "பூக்கறதுக்கு முன்னாடி புடுங்குனாத்தான் போகும் பெரியம்மா. பூத்தப்பறம் புடுங்குனா வெதைக்கற மாதிரி" என்றான். கார்த்திகையிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தவள் முகத்தில்தான் நான் கதவைச் சாத்தினேன்.

மாசி 13

பிடுங்கிய இடமெல்லாம் தட்டுத் தட்டாகப் பச்சை. முன்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது கை வைக்க இடமில்லை. வாசற்படிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் வெடிப்பில் ஒன்று. என் பழைய செருப்பில் ஒட்டிய மண்ணில் ஒன்று. வெறுங்கையால்தான் பிடுங்குகிறேன். உள்ளங்கை பச்சையாகிவிட்டது. ஒரு அரிப்பு, ஒரு சிவப்பு, ஒன்றும் கிடையாது.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை என்பார்கள். என் கதையில் அது குடைவது என் மடியை அல்ல.

மாசி 20

சேலம் போய்வந்தேன். தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு போனேன். பாக்கியம் கதவைத் திறந்தாள். அவள் முகம் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் கருமை மட்டும் பாக்கி. ஓடிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிட உட்காரும்போது அவள் மூச்சில் விசில் ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தாள். ஜலதோஷம் என்றாள். சபரியின் மனைவி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் பின்னலை அவிழ்த்து உதறினேன். அவ்வளவு குளித்தும் மடியில் பொடி விழுந்தது.

பங்குனி 1

யாரோடும் பேசாமல் ஒரு நாள்.

பங்குனி 5

வெயில் ஏறிவிட்டது. மனைகளில் பாதி காய்ந்துபோய் நின்ற நிலையில் நிற்கிறது. காய்ந்தாலும் விழுவதில்லை. தொட்டால் பொடிகிறது. சாக்கடைத் தண்ணீர் பாயும் எங்கள் மதிலோரம் மட்டும் பச்சையும் வெள்ளையுமாகக் குளுகுளுவென்று இருக்கிறது.

இப்போதெல்லாம் ஜன்னலைச் சாத்துவதில்லை. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியில் ஆடிக்கொண்டிருந்தன. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் யாரைக் கேட்டேன் என்று கை நின்றுவிட்டது. உள்ளே போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டேன், ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்று.

பாக்கியத்தின் அறையில் தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூள். காலையில்தான் கூட்டினேன்.

பங்குனி 11

பாக்கியம் வந்தாள்.

என்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாளாம். சபரி காரில் கூட்டிவந்து, வாசலுக்கு எதிரே ரோட்டில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "எறங்கக் கூடாதும்மா" என்று சொல்லியிருக்கிறான். அவன் மட்டும் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டான். நான் கேட்டில் நின்றேன். அவள் காருக்குள் இருந்து எனக்குப் போன் செய்தாள். எத்தனையோ ஆயிரம் பேரை இணைத்துவிட்டிருக்கிறேன். ஆளைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு போனில் பேசுவது இதுதான் முதல் தடவை.

"எளைச்சுப் போயிட்டக்கா."

"நீ பெருத்துட்டே. மருமக நல்லா ஆக்கிப் போடறாளாட்ட."

சிரித்தாள். உதடு கண்ணாடிக்குப் பின்னால் அசைய, சிரிப்பு என் காதில் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, உனக்குப் பின்னாடி... கதவுக்குள்ள. ஹால்லயா அது?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டைல்ஸ் இடுக்கில் வந்தது, நாளைக்குப் பிடுங்கலாம் என்று விட்டது, பூத்துவிட்டது. "நெழலு" என்றேன்.

"நீ எங்கூட வந்துரு. வேணாங்கா இந்த எடம். வந்துருக்கா."

எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே கேட்டைத் திறந்துகொண்டு காரை நோக்கி நடந்தேன். தொட வேண்டும், அவ்வளவுதான், கண்ணாடி மேலாவது கையை வைக்க வேண்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா வா என்றுதான் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கை தானாக எழுந்து கதவுப் பூட்டை அழுத்தியது. டக்கென்ற சத்தம் போனில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவளுக்குத் தெரிந்தே செய்திருக்க மாட்டாள். கையைப் பார்த்து அவளே திடுக்கிட்டாள். நான் நடு ரோட்டில் நின்றுவிட்டேன். "வெயிலா இருக்குது, கெளம்புங்க" என்று சபரிக்குக் கை காட்டினேன். கார் திரும்பும் வரை அவள் லைனிலேயே இருந்தாள். இந்தத் தடவை நான் துண்டிக்கவில்லை.

பங்குனி 12

என் தங்கை என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். நேற்று இதை எழுத முடியவில்லை. எழுதிவிட்டேன்.

பங்குனி 14

சபரியிடம் போனில் பேசினேன். பழனிக்கு மொட்டை போட ஒரு வேண்டுதல் இருக்கிறது, முடித்துவிட்டு நேரே சேலம் வருகிறேன், ஒரேயடியாக வருகிறேன் என்றேன். "பெரியம்மா, நெசமாவா?" என்றான். வேண்டுதலைக் கேட்டானோ, வருவதைக் கேட்டானோ, தெரியவில்லை. முருகனுக்கும் எனக்கும் அப்படி ஒரு பேச்சும் நடந்ததில்லை. என் பின்னல் முழங்கால் வரை இருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சே திரும்பிப் பார்க்கும். பார்த்தவர்கள் பார்த்தது போதும்.

கட்டியிருக்கிற புடவையோடுதான் போகப்போகிறேன். முடியைக் கொடுத்து, குளித்து, அங்கேயே கடையில் ஒரு புதுப் புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு, இதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பை வேண்டாம், செருப்பு வேண்டாம். பீரோவில் இருக்கும் பட்டும் போட்டோக்களும் இங்கேயே இருக்கட்டும். வீட்டைப் பூட்ட வேண்டுமா என்று யோசித்தேன். யாரை வெளியில் நிறுத்துவதற்குப் பூட்டுவது? ஹாலில் முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன.

இந்த நோட்டையாவது கொண்டுபோகலாம் என்றிருந்தேன். இப்போது திறந்தபோது பக்க இடுக்குகளிலிருந்து பொடி உதிர்ந்தது. விரித்துத் தட்டினேன், மறுபடி உதிர்ந்தது. அவள் வாங்கிக் கொடுத்தது. இருந்தாலும் இங்கேயே வைத்துவிடுகிறேன். அங்கே போனால் பேச ஆள் இருக்கும். காது வலித்தாலும் கேட்பாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாம் செய்தும் என்னோடு இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால்? நகக்கண்ணில், காது மடலில்? வாசலிலேயே நின்று முதலில் அவளைத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்ல வேண்டும். மொட்டைத் தலையோடு என்னைப் பார்த்தால் பாக்கியத்துக்குச் சிரிப்பு அடங்காது. நன்றாகச் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு இருமலாக மாறாமல் சிரிப்பாகவே முடிய வேண்டும் முருகா.